இறங்கித் தள்ளு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைகளுக்குள் பிளாக் ஹாக் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்லவே கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருந்தவர்கள் மொத்தம் 118 பேர். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கே இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். அந்த 118 பேர் ஊரின் நகரமன்றம்தான் தன் தெருக்களில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டு, அந்தச் சட்டம் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் அந்த ஊர் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன், வெறும் செய்தியாக மட்டும் படித்திருந்தால் இத்தனை வருஷம் மனதில் நின்றிருக்காது.

அது 2011 செப்டம்பர். மாநிலத் தலைநகர் டென்வர் பக்கத்தில் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தார்ச்சாலையில் ஓட்டும் பழைய ரோடு பைக் சைக்கிள் ஒன்றை வாங்கி, சனிக்கிழமை தவறாமல் மலை ஏறிக்கொண்டிருந்தேன். கோல்டன் என்ற ஊரிலிருந்து கோல்டன் கேட் கேன்யன் சாலை வழியாக ஏறி, 119-ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கி, பிளாக் ஹாக் வழியாகப் பக்கத்து ஊரான சென்ட்ரல் சிட்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பக்கமாக இறங்கித் திரும்பி வருவது என்று திட்டம். சைக்கிள்காரர்கள் விரும்பிப் போகிற வழி அது. அந்தப் பள்ளத்தாக்கு ஏற்றத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், தொடை எரியும், காற்று மெலிந்துகொண்டே போகும், பைன் மரத்துப் பிசின் வாசம் மட்டும் கூடவே வரும். சரி, அது இன்னொரு நாளைக்கு.

பிளாக் ஹாக்கில் நெடுஞ்சாலையை விட்டு கிரெகரி தெருவுக்குள் திரும்பும் இடத்தில் பலகை இருந்தது. சைக்கிள் படம், அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. விஷயம் எனக்கு முன்பே தெரியும், நண்பர்கள் சொல்லியிருந்தார்கள், பேசாமல் இறங்கித் தள்ளிவிடு, போலீஸ் நிஜமாகவே அபராத டிக்கெட் எழுதுகிறார்கள் என்று. இறங்கினேன். பெடலில் மாட்டுகிற கிளீட் வைத்த ஷூ, அதைப் போட்டுக்கொண்டு நடப்பது ஈரத் தரையில் மரச்செருப்போடு நடப்பது மாதிரி. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். இரண்டு பக்கமும் சூதாட்ட விடுதிகள், டென்வரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் பெரிய பேருந்துகள், விடுதிகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள். நடைபாதை சில இடங்களில் ஒருவர் நடக்கும் அகலம்தான், நானும் சைக்கிளுமாகப் போனால் எதிரே வருகிறவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். ஒரு வயதான அம்மா அப்படி இறங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தபடி ஏதோ சொல்லிவிட்டுப் போனார், ஆனால் எனக்கு அது என்னவோ போல இருந்தது. என்னைச் சாலையிலிருந்து எடுத்து நடைபாதையில் போட்டதால் அவர் நடைபாதையிலிருந்து சாலைக்கு வந்துவிட்டார்.

அப்புறம் சென்ட்ரல் சிட்டி எல்லை வந்தது. அதே தெரு, அதே ஏற்றம், அகலமும் அப்படியே. எல்லைக்கு இந்தப் பக்கம் நான் வாகனம், அந்தப் பக்கம் வெறும் பாதசாரி. ஏறி மிதித்தேன். மிதிக்கும்போது கொலராடோ ஞாபகமே இல்லை, அப்பாவின் முதுகுதான் ஞாபகத்தில் இருந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் வளர்ந்தவன் நான். அப்பா அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. அவரிடம் ஒரு பச்சை நிற ராலே சைக்கிள் இருந்தது, முன்பாரில் எனக்காக ஒரு குட்டி சீட் மாட்டியிருந்தார். எனக்கு ஏழு வயது இருக்கும், அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பி வருகிறோம். டைனமோ பல்பு அன்றைக்குத்தான் ஃபியூஸ் போயிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு வளைவில் போலீஸ்காரர்கள் டார்ச் வெளிச்சம் அடித்து நிறுத்தினார்கள். லைட் எங்கே என்று கேட்டார்கள். அப்பா பல்பைக் காட்டினார், இப்பதான் போச்சு என்றார். அவர்களில் ஒருவர் பதிலே சொல்லாமல் குனிந்து பின்சக்கரத்து வால்வைக் கழற்றி வால்டியூப்பைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றார் அவர். அப்பாவைவிட வயதில் சின்னவர்.

மூன்று கிலோமீட்டர் தள்ளினோம். காற்றில்லாத டயரில் பாரம் ஏற்றினால் டியூப் அறுந்துவிடும் என்று என்னையும் இறக்கி நடக்கவைத்தார். லைட் இல்லாத சைக்கிள் இருட்டில் போவது ஆபத்து என்று நிறுத்திவிட்டு, லைட் இல்லாத சைக்கிளையும் கூடவே ஒரு குழந்தையையும் அதே இருட்டுக்குள் நடக்கவிட்டார்கள், லாரிகள் போகிற ரோட்டில். வெகுநாள் கழித்து அப்பாவிடம் இதைப் பற்றிக் கோபமாகப் பேசினேன். அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "லைட்டு கேட்டாங்க பாரு, அது சரிதாண்டா. லைட் இல்லாம எத்தன பேர் செத்திருக்கான். காத்தப் பிடுங்குனதுதான் தப்பு."

இந்த வித்தியாசத்தை அப்பா ஒரே வரியில் பிடித்துவிட்டார், எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்கிற விதி ஒன்று. நீ இங்கே ஓட்டவே கூடாது என்று சொல்கிற விதி வேறு. முதலாவது நம்மைச் சாலையில் ஒரு வாகனமாக மதித்துத்தான் பேசுகிறது, லைட் போடு, கையைக் காட்டித் திரும்பு, இடது பக்கமே போ என்கிறது. இரண்டாவது நம்மைச் சாலையிலிருந்தே துடைத்துவிடுகிறது.

இந்தச் சண்டை சைக்கிள் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. பெரிய முன்சக்கரம் வைத்த சைக்கிள்கள் ஓடிய காலத்தில் இங்கிலாந்தில் அந்தந்த மாவட்ட அதிகாரிகள் தங்கள் எல்லைக்குள் சைக்கிளுக்குத் தனித்தனி விதி போட 1878-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஓர் எல்லை தாண்டினால் ஒரு விதி, அடுத்த எல்லை தாண்டினால் வேறு விதி. பத்தே வருஷத்தில், 1888-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் அதை முடித்துவைத்தது. சைக்கிளும் சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டிதான் என்று அறிவித்தது, ஊருக்கு ஊர் சைக்கிளுக்கென்று தனி விதி போடும் அதிகாரத்தை எடுத்துவிட்டது, பதிலுக்கு ராத்திரியில் விளக்கு வேண்டும், யாரையாவது முந்தும்போது மணி அடிக்க வேண்டும் என்று கடமையையும் வைத்தது. விளக்கும் உரிமையும் ஒரே சட்டப்பிரிவில் சேர்ந்து வந்தவை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். எங்கள் ஊர் வளைவில் விளக்கை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்போது வேறு சில விதிகளும் இருந்தன, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும், பணம் கட்டினால் ஒரு தகரப் பில்லை தருவார்கள், அதைக் கம்பியால் சைக்கிளில் கட்டிக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் கெடுபிடி அதிகமாகும். டபுள்ஸ் போகக்கூடாது. இதெல்லாம் தொந்தரவுதான், ஏழைக்குச் செலவுதான், ஆனால் பில்லை கட்டிய சைக்கிளுக்கு ஊரில் போக முடியாத தெரு என்று எதுவும் இருந்ததில்லை. வரி வாங்கிய ஊர் அந்த வண்டிக்குத் தன் தெருவில் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தது.

பிளாக் ஹாக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளங்கும். 1859-இல் ஜான் கிரெகரி என்பவர் அந்தப் பள்ளத்தாக்கில் பாறைக்குள் ஓடும் தங்கத்தைக் கண்டுபிடித்தார், நான் சைக்கிளைத் தள்ளிய தெருவுக்கு அவர் பெயர்தான். மேலே சென்ட்ரல் சிட்டியில் சுரங்கங்கள், கீழே ஓடைக்கரையில் பிளாக் ஹாக்கில் தாது அரைக்கும் ஆலைகள். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு தெரு, தெருவை ஒட்டிக் கட்டடம், அவ்வளவுதான் இடம். தங்கம் தீர்ந்ததும் ஊர் ஓய்ந்துபோனது. பிறகு 1990-இல் மாநில மக்கள் வாக்களித்து, பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி, கிரிப்பிள் கிரீக் ஆகிய மூன்று பழைய சுரங்க ஊர்களில் மட்டும் சூதாட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். 1991 அக்டோபர் 1-ஆம் தேதி விடுதிகள் திறந்தன. ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 5 டாலர் என்று வரம்பு. 2008-இல் இன்னொரு வாக்கெடுப்பு, அதன்படி 2009 ஜூலையில் வரம்பு 100 டாலராக உயர்ந்தது, விடுதிகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றானது. பணம் கூடியது, பேருந்துகளும் லாரிகளும் கூடின, தெரு மட்டும் ஓடையை ஒட்டிப் போட்ட அதே தெரு.

அந்த நெருக்கத்தில் சைக்கிளை எடுத்துவிடலாம் என்று நகரமன்றம் முடிவு செய்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். தெரு குறுகல், வாகனம் அதிகம், சைக்கிள்காரர்கள் அடிபடுவார்கள். நான் அந்தத் தெருவில் நடந்தவன், குறுகல் என்பதில் பொய்யே இல்லை. ஆனால் ஒரு தெருவில் பேருந்தும் லாரியும் சைக்கிளும் சேர்ந்து போக இடமில்லை என்றால், ஆபத்தை உண்டாக்குவதை மெதுவாகப் போகச் சொல்வதா, ஆபத்துக்கு உள்ளாவதை வெளியேறச் சொல்வதா என்பதுதான் கேள்வி. அங்கே வெளியேறச் சொன்னார்கள். இன்னும் ஒன்று, அதே 2009-இல்தான் கொலராடோ மாநிலம், சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது மூன்று அடி விலகிப் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. மாநிலம் சைக்கிளுக்கு மூன்றடி ஒதுக்கச் சொன்ன நேரத்தில் அதன் மலையிலிருந்த குட்டி ஊர் ஓரடியும் கிடையாது என்றது.

இது உள்ளூர்க்காரர்களின் சொந்த விஷயம்தானே, அவர்கள் தெருவுக்கு அவர்கள் விதி போடட்டுமே என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். பிளாக் ஹாக்கிலிருந்து எஸ்டெஸ் பார்க் என்ற ஊர் வரை மலை முதுகில் ஓடும் பீக் டு பீக் சாலை அமெரிக்க சைக்கிள்காரர்கள் கனவு காணும் சாலைகளில் ஒன்று. அந்தச் சாலைக்கும் சென்ட்ரல் சிட்டிக்கும் நடுவில் தார் போட்ட வழி என்றால் பிளாக் ஹாக் தெருதான். அந்தத் தெருவை மூடினால் 118 பேர் ஊருக்குள் மட்டும் சைக்கிள் நிற்காது, ஒரு மலைத்தொடரின் வழியே அறுந்துபோகும். கழுத்து உடம்பில் சின்ன இடம்தான், ஆனால் அதைப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும் இல்லையா.

2010 ஜூனில் அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டிய மூன்று பேருக்கு டிக்கெட் எழுதினார்கள். ஆளுக்கு 68 டாலர் அபராதம். கட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு நல்ல டயர் வாங்கும் காசுதான். அவர்கள் கட்டவில்லை. நகர நீதிமன்றத்தில் தோற்றார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள், அங்கேயும் தோற்றார்கள். மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 68 டாலருக்காக இரண்டரை வருஷத்துக்கும் மேலே. அந்த மூன்று பேரை நான் பார்த்ததில்லை, பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வேன்.

2013 பிப்ரவரி 4-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கிரெகரி ஹாப்ஸ். வேலையை ஒத்திவைத்துவிட்டு அன்று மத்தியானமே முழுசாகப் படித்தேன், சட்டம் படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரிதான் இருந்தது. வழக்கு நின்ற இடம் இது. கொலராடோவில் பிளாக் ஹாக் மாதிரியான தன்னாட்சி பெற்ற ஊர்களுக்குத் தங்கள் உள்ளூர் விஷயத்தில் சட்டம் போட அரசமைப்பே அதிகாரம் தருகிறது. ஊர் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் கேட்டது, இது உள்ளூர் விஷயம் மட்டும்தானா? ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சைக்கிளில் போகிறவனுக்கு வழியெல்லாம் ஒரே மாதிரி விதி வேண்டாமா? இந்தத் தடையின் பாதிப்பு ஊர் எல்லையைத் தாண்டிப் போகவில்லையா? பார்த்துவிட்டு, இது ஊருக்கும் மாநிலத்துக்கும் பொதுவான விஷயம், அப்படியென்றால் மாநிலச் சட்டத்தோடு முட்டுகிற ஊர்ச் சட்டம் நிற்காது என்று சொல்லிவிட்டது.

சரி, மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது? எனக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. சைக்கிளைத் தடை செய்யவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒரு ஊர் தன்னுடைய நெரிசலான தெருவில் சைக்கிளைத் தடுக்கலாம். ஆனால் அதற்குமுன் சாலையையும் போக்குவரத்தையும் பொறியியல் முறைப்படி ஆராய்ந்திருக்க வேண்டும், அந்தத் தெருவிலேயோ அதற்கு இணையாக 450 அடிக்குள்ளேயோ சைக்கிள் போவதற்குத் தகுந்த பாதை ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். 450 அடி என்றால் ஏறக்குறைய 137 மீட்டர். தெருக்கோடி டீக்கடை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறை தடுப்பதென்றால் கால் மைல் வரை தள்ளி இருக்கலாம், ஊர் தடுப்பதென்றால் 450 அடிதான். பிளாக் ஹாக்கில் அப்படி ஒரு பாதை கிடையாது. மாற்று வழி கொடுக்காமலேயே தடுத்திருந்தார்கள். சட்டம் செல்லாது.

தடுக்கிறாயா, பக்கத்திலேயே வழி கொடு, வழி கொடுக்க முடியாவிட்டால் தடுக்காதே. இதைவிட எளிமையாக நியாயத்தைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. வயலுக்கு நடுவே வரப்பை வெட்டுகிறவனிடம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைத்தான் கேட்பார்கள், மத்தவங்க எப்படிப்பா போறது என்று. மீட்டர் கணக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. டென்வரிலிருந்து வழக்கமான பாதையில் வருகிறவர்களுக்கு முதலில் வருவது பிளாக் ஹாக், அதைத் தாண்டித்தான் சென்ட்ரல் சிட்டி. ஆகவே சூதாட வருகிறவர்கள் பெரும்பாலும் கீழேயே நின்றுவிட்டார்கள், மேலே இருந்த ஊர் வாடியது. கடைசியில் சென்ட்ரல் சிட்டி கடன் வாங்கித் தன் செலவில் மலையை வெட்டி, I-70 என்ற பெரிய நெடுஞ்சாலையிலிருந்து நேராகத் தன் ஊருக்கு ஒரு நான்கு வழிச் சாலை போட்டுக்கொண்டது, 2004-இல் திறந்தார்கள். நடுவில் இருப்பவன் நினைத்தால் கடைசியில் இருப்பவன் என்ன ஆவான் என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கே பாடப் புத்தகம். பணமுள்ள ஊர் தனக்குச் சுற்றுவழி போட்டுக்கொள்ளும். சைக்கிள்காரன் எந்த மலையை வெட்டுவான்?

நம் நாட்டில் இந்த 450 அடிக்குச் சமமான ஒன்று இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்குக் கொல்கத்தாவே போதும். சிறு ஊர் இல்லை, பெருநகரம்தான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2008-இல் 38 சாலைகளில் ஆரம்பித்த கட்டுப்பாட்டை 2013-இல் 174 சாலைகளுக்கு விரித்தார்கள், பிளாக் ஹாக் தீர்ப்பு வந்த அதே வருஷம். சைக்கிள் மட்டுமில்லை, மோட்டார் இல்லாத மற்ற வண்டிகளும் சேர்த்தி. பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், சமையல் வேலைக்குப் போகிறவர், இவர்களெல்லாம் 100 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து சந்து சந்தாகச் சுற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அடுத்த வருஷம் அந்த எண்ணிக்கை 62-ஆகக் குறைந்தது. மாற்றுப் பாதை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தடுக்க முடியும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் 174 என்ற எண்ணே வந்திருக்காது.

எல்லாத் தடையும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் பைக், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் இல்லாத வண்டிகள் இவற்றை நடுவழியில் விடுவதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் போகிற இடத்தில் சைக்கிள் போவதை நானே விரும்ப மாட்டேன். அங்கே ஆறு வழிச் சாலைக்கு இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு என்று ஒன்றைத் திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள், கொலராடோ சட்டம் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதிலாவது இருக்கிறது. மீதிப் பாதி அந்த சர்வீஸ் ரோடு அறுந்துபோகாமல் கடைசி வரை ஓடுகிறதா என்பதில் இருக்கிறது. பாலம் வருகிற இடத்தில் அது நின்றுவிட்டால் டிராக்டர்காரரும் சைக்கிள்காரரும் எங்கே போவார்கள்?

ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது இதைத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிளைத் தடுக்கும் பலகை எங்கேயும் கிடையாது, தேவையும் இல்லை. நாலு வழிச் சாலை வந்து ஊரை இரண்டாக வகுத்துவிட்டது, நடுவில் இடுப்பளவு கான்கிரீட் சுவர். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் வீடு. திரும்பும் இடம் ரொம்ப தூரம் தள்ளி இருக்கிறது. 2005 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது, அதற்கு முன்பிருந்தே ஆதிதிராவிட மாணவிகளுக்குக் கொடுத்து வந்தார்கள், நம் மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன். அந்தச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் நாலு வழிச் சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையில் மிதித்து வருவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அவர்களைப் பிடித்து ராங் சைடு என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் போவதற்கு 450 அடிக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்று அந்தச் சாலையை வரைந்தவர்களிடம் யாராவது ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். யாரும் தடை போடாமலே ஒரு தடை அங்கே உட்கார்ந்திருக்கிறது, அதை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எந்த டிக்கெட்டைக் காட்டுவது? பிளாக் ஹாக் சைக்கிள்காரர்களுக்குக் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருந்தது.

பிளாக் ஹாக் பிற்பாடு மாறியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரை ஒட்டிய மேரிலேண்ட் மலையில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அந்த ஊர் நிர்வாகமே பாதைகள் போட்டிருக்கிறது, நெடுஞ்சாலையைக் கடக்க ஒரு நடைபாலமும் கட்டியிருக்கிறது. தீர்ப்புக்குத் தலைவணங்கிச் செய்தார்களா, சூதாடாதவர்களையும் ஊருக்கு வரவைக்கலாம் என்று செய்தார்களா, எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

போன கோடையில் மறுபடி போனேன். அதே கோல்டன் கேட் கேன்யன் ஏற்றம், இப்போது வயதும் சேர்ந்து ஏறியிருப்பதால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். 119-இல் இறங்கி கிரெகரி தெருவில் திரும்பும்போது கை தானாகப் பிரேக்குக்குப் போனது. சிவப்புக் கோட்டுப் பலகை இல்லை. கியரைக் குறைத்துவிட்டு மிதித்தேன். பின்னால் ஒரு பேருந்து வந்தது, ஹாரன் அடிக்கவில்லை, மெதுவாகவே வந்து, இடம் கிடைத்ததும் நன்றாக விலகி முந்திப் போனது. எட்டாயிரம் அடி உயரத்தில் அந்த ஏற்றம் நெஞ்சை அடைத்தது, ஆனாலும் இறங்கவில்லை.

சென்ட்ரல் சிட்டியில் ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு போன் போட்டேன். எனக்குக் காலை பத்து மணி, அங்கே ராத்திரி ஒன்பதரை, படுக்கப் போகிற நேரம். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். சைக்கிளில்தான் வந்திருக்கிறேன், மலை மேல் இருக்கிறேன், முன்னே இந்த ஊரில் இறங்கித் தள்ள வைத்தார்கள் என்று சொன்னேனே, இன்றைக்கு ஓட்டிக்கொண்டே வந்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவருக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"லைட்டு இருக்காடா?" என்றார்.

"இருக்குப்பா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"ம். பல்பு இன்னொண்ணு கையில வச்சுக்க."